வளர்பருவ நாவலும் இளம் வாசகரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளர்பருவ நாவல் என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு சிறுவனோ சிறுமியோ தன்னைப் பற்றியும் தன் வீட்டைப் பற்றியும் கொண்டிருந்த எண்ணங்கள் ஒவ்வொன்றாக உடைந்து, பெரியவர்களின் உலகத்துக்குள் கால் வைக்கும் வரையிலான காலத்தைச் சொல்லும் நாவலையே வளர்பருவ நாவல் என்கிறோம். ஜெர்மன் மொழியில் இதற்கு 'பில்டுங்ஸ்ரோமான்' என்று பெயர். கார்ல் மோர்கன்ஸ்டெர்ன் என்ற பேராசிரியர், இன்று எஸ்டோனியாவில் தார்த்து என்று வழங்கும் ஊரில், 1819இல் ஆற்றிய உரையில் இந்தப் பெயரை விளக்கினார். ஜெர்மன் எழுத்தாளர் கெதே 1795-96இல் வெளியிட்ட வில்ஹெல்ம் மைஸ்டர் நாவல்தான் இவ்வகைக்கு முன்மாதிரி என்று இலக்கிய வரலாறுகள் சொல்லும்.

ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத் தமிழில் நேராகப் பெயர்த்து 'வயதுக்கு வருதல் நாவல்' என்று எழுதினால், நம் ஊரில் எல்லோருக்கும் பந்தலும் தாய்மாமன் சீரும்தான் நினைவுக்கு வரும். ஆகவே 'வளர்பருவ நாவல்' என்றே இங்கு எழுதுகிறேன். கதைத் தலைவருக்குப் பதினைந்து வயது என்பதால் மட்டும் ஒரு நூல் இந்த வகையில் சேர்ந்துவிடாது. பதினைந்து வயதுச் சிறுவன் திருடனைக் கண்டுபிடிக்கும் கதை துப்பறியும் கதைதான். முதல் அத்தியாயத்தில் இருந்தவனைக் கடைசி அத்தியாயத்தில் இருப்பவன் சந்தித்தால் இருவருக்கும் பேச்சு ஒத்துப் போகுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒத்துப் போகாது என்றால் அது வளர்பருவ நாவலாக இருக்க வாய்ப்புண்டு.

கற்பனைக் கதை ஒருவரின் பார்வையை மாற்றும் என்கிறீர்களே, உண்மையில் மாறுவது எது?

குணம் மாறும் என்று நான் சொல்லமாட்டேன். சோம்பேறி ஒருவன் நாவல் படித்து உழைப்பாளி ஆனதை நான் பார்த்ததில்லை. மாறுவது, ஒருவன் தன்னைப் பார்த்துக்கொள்ளும் தூரம்.

சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை எடுத்துக்கொள்வோம். 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை வாரத் தொடராக வந்த கதை இது. தாய் தந்தையற்ற பிப் என்ற சிறுவன், கிராமத்துக் கொல்லரான ஜோ என்ற அக்காள் கணவரின் அன்பில் வளர்கிறான். பணக்கார வீடு ஒன்றில் எஸ்டெல்லா என்ற சிறுமியோடு சீட்டு விளையாடப் போகும்போது, அவள் அவன் ஒரு சீட்டுக்குச் சொல்லும் பெயரையும், அவனுடைய கரடுமுரடான கைகளையும், தடித்த பூட்ஸையும் கேலி செய்கிறாள். அதுவரை தன் கைகளைப் பற்றி வெட்கப்பட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. பிறகு முகம் தெரியாத ஒருவரின் பணத்தால் அவன் லண்டன் சென்று கனவானாக வாழத் தொடங்குகிறான். இருபத்தேழாம் அத்தியாயத்தில் ஜோ அவனைப் பார்க்க லண்டனுக்கு வருகிறார். பணம் கொடுத்து அவரை வரவிடாமல் தடுக்க முடிந்திருந்தால் நிச்சயம் கொடுத்திருப்பேன் என்று பிப் ஒப்புக்கொள்கிறான்.

ஜோ தன் தொப்பியை, முட்டைகள் உள்ள பறவைக் கூட்டைப் பிடிப்பது போல இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கடைசியில் கணப்பு மாடத்தின் விளிம்பில் வைக்கிறார், அது விழுகிறது, ஓடிப் பிடித்து மறுபடியும் வைக்கிறார், மறுபடியும் விழுகிறது. தான் வளர்த்த பையனை ஒரு வாக்கியத்தில் 'பிப்' என்றும் அடுத்த வாக்கியத்தில் 'ஐயா' என்றும் அழைக்கிறார். பிப்புக்கு எரிச்சல் வருகிறது. இந்த இடத்தில்தான், பல ஆண்டுகள் கழித்துக் கதை சொல்லிக்கொண்டிருக்கும் மூத்த பிப் குறுக்கே வந்து, இதெல்லாம் என் தவறு என்று அறியும் அறிவோ மனமோ அன்று எனக்கு இருக்கவில்லை, நான் அவரிடம் இயல்பாக இருந்திருந்தால் அவரும் என்னிடம் இயல்பாக இருந்திருப்பார் என்கிறார்.

ஆக, அந்தப் பக்கத்தில் ஒரே பெயருடைய இருவர் இருக்கிறார்கள். ஒருவன் கூச்சத்தில் நெளிகிறான். மற்றவர் அந்த நெளிவை வயது கொடுத்த தொலைவிலிருந்து பார்க்கிறார். பதினாறு, பதினேழு வயதில் இதைப் படிப்பவர், இன்று தமக்கு இருக்கும் 'நான்' முடிந்த முடிவல்ல, நாளை ஒருவர் அதைத் திரும்பிப் பார்ப்பார், அவரும் தாமேதான் என்பதை அநேகமாக முதன்முறையாக உணர்கிறார். அந்த வயதில் அவமானமும் காதலும் கோபமும் என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று தோன்றும். தேர்வில் தோற்றவனிடம் 'இதுவும் கடந்து போகும்' என்று எத்தனை பேர் சொன்னாலும் காதில் ஏறாது. நானூறு பக்கங்கள் ஒருவனோடு கூடவே நடந்து, அவனுடைய மிகப் பெரிய அவமானம் பின்னால் அவனுக்கே எப்படித் தெரிகிறது என்று கண்டவனுக்கு, யாரும் சொல்லாமலேயே அது புரிந்துவிடுகிறது.

உங்களுக்கு அப்படி ஏதாவது நடந்ததா?

நடந்தது, ஆனால் சொல்லிக்கொள்ளும்படியான திருப்புமுனை எதுவும் இல்லை. நான் எங்கள் வீட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரி. கல்லூரி விடுதியில் முதலாம் ஆண்டு இருந்தபோது அப்பா என்னைப் பார்க்க வந்தார். ஜவுளிக் கடைப் பெயர் அச்சிட்ட மஞ்சப்பை ஒன்று கையில் இருந்தது. அதில் அம்மா செய்த முறுக்கு. அறைக்குள் வந்தவர் பையைக் கட்டிலில் வைக்கலாமா, மேசையில் வைக்கலாமா என்று தெரியாமல், என் அறைத் தோழனைப் பார்த்துச் சிரித்தபடி, அதை இடுப்போடு அணைத்துக்கொண்டே நின்றார். அவன் நகரத்துப் பையன். அவனிடம் அப்பா 'தம்பி, நீங்க எந்த ஊரு?' என்று கேட்டு முடிப்பதற்குள், 'வாங்கப்பா, டீ குடிச்சிட்டு வரலாம்' என்று அவரை வெளியே அழைத்து வந்துவிட்டேன். டீக்கடையிலிருந்து நேரே பேருந்து நிறுத்தத்துக்குக் கொண்டுபோய் விட்டேன்.

மறு ஆண்டு ஆங்கிலத் தாளில் நான்-டீடெயில் நூலாக டிக்கன்ஸ் நாவலின் சுருக்கம் வந்தது. அதில் ஜோவின் தொப்பி இல்லை. நூலகத்தில் முழு நூலை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு விடுமுறை முழுவதும் படித்தேன். தொப்பி விழும் இடத்தில் எனக்கு அழுகை வரவில்லை, முகம் சுட்டது. உடனே ஊருக்குக் கடிதம் எழுதவுமில்லை. ஆனால் அடுத்த முறை அப்பா வந்தபோது பையை அவர் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தேன். அந்த நாவல் என்னிடம் செய்த மாற்றம் இவ்வளவுதான். அன்று அது எனக்குச் சிறிய காரியமாகவும் இருக்கவில்லை.

தன்னம்பிக்கை நூல்களும் சாதனையாளர் வரலாறுகளும் இதைச் செய்யாதா?

அவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது. சாதனையாளர் வரலாறு பெரும்பாலும் வெற்றி என்ற மேட்டில் நின்றுகொண்டு சொல்லப்படுவது. அங்கிருந்து பார்த்தால் பட்ட அவமானமெல்லாம் ஏணிப்படியாகவே தெரியும். நாவலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பிப் கடைசியில் பெரிதாக எதையும் வெல்வதில்லை. தன்னைக் கனவானாக்கிய பணம், சிறுவயதில் தான் சதுப்பு நிலத்தில் பயந்து பயந்து உணவு கொடுத்த ஒரு கைதியின் உழைப்பில் வந்தது என்று அறிகிறான். அந்தப் பணமும் போய்விடுகிறது.

டிக்கன்ஸின் சொந்த வாழ்க்கையே இதற்கு ஒரு சான்று. 1824இல், பன்னிரண்டு வயதில், தந்தை கடனுக்காகச் சிறையில் இருந்தபோது, அவர் பூட்ஸ் மை தொழிற்சாலை ஒன்றில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை பார்த்தார். நாடறிந்த எழுத்தாளரான பிறகும் இதை வெளியே சொல்லவில்லை. அவர் இறந்த பிறகு நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வரலாற்றின் மூலமாகத்தான் உலகம் அறிந்தது. தன் பெயரில் சொல்ல முடியாத வெட்கத்தைத்தான் அவர் பிப்பின் கைகளுக்கும் பூட்ஸுக்கும் கொடுத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு ஆராய்ச்சிச் சான்று உண்டா?

ஓரளவு உண்டு; விளம்பரம் செய்யப்படும் அளவுக்கு இல்லை. 2013இல் டேவிட் கிட், இமானுவேல் காஸ்டானோ என்ற இரு ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இலக்கியத் தரமான புனைகதையைச் சிறிது நேரம் படித்தவர்கள், கண்களின் புகைப்படத்தை மட்டும் பார்த்து ஒருவரின் உணர்ச்சியை ஊகிப்பது போன்ற சோதனைகளில் சற்று நன்றாகச் செய்தனர் என்பது அதன் முடிவு. செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின. பிறகு வேறு குழுக்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. 2018இல் இத்தகைய 14 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தவர்கள், புனைகதை வாசிப்பால் பிறர் மனத்தை அறியும் திறனில் பயன் உண்டு, ஆனால் அது சிறியது என்று கண்டனர்.

இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் ஹாரி பாட்டர் கதைகளிலிருந்து பிறப்பை வைத்து ஒருவரை இழிவுபடுத்தும் பகுதிகளைப் படித்து, வாரந்தோறும் கூடிப் பேசினர். மற்றவர்கள் சாதாரணப் பகுதிகளைப் படித்தனர். ஆறு வாரங்களுக்குப் பிறகு, முதல் பிரிவில் ஹாரியோடு தம்மை ஒன்றாக்கிக்கொண்ட பிள்ளைகளுக்குப் புலம்பெயர்ந்து வந்தவர்களைப் பற்றிய எண்ணம் மேம்பட்டிருந்தது. படித்ததோடு பேசவும் செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மற்றபடி, சில பக்கங்களைக் கொடுத்து அடுத்த அரைமணியில் அளப்பதும், பதினேழு வயதில் ஒரு முழு நாவலோடு ஒரு மாதம் கிடப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதை அளக்கும் கருவி எப்படி இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடியவில்லை.

ஆங்கிலேயக் கொல்லன் கதை நம் பிள்ளைகளுக்கு எதற்கு? தமிழில் இல்லையா?

தாராளமாக இருக்கிறது. ஆனால் தமிழில் உள்ளவை பெரும்பாலும் வேறு விதமானவை. அந்த வேறுபாடு தெரிந்து படித்தால் நல்லது. ஐரோப்பிய மாதிரியில் இளைஞன் ஊரை விட்டு நகரத்துக்குப் போகிறான், அடிபடுகிறான், கடைசியில் சமூகத்தில் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடிக்கிறான். போவதற்கு வழியும் பிடிப்பதற்கு இடமும் இருக்கின்றன என்ற நம்பிக்கை அந்தக் கதையின் அடியில் கிடக்கிறது.

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) நாவலில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. கூளையன் என்ற சக்கிலியச் சிறுவன் கவுண்டர் பண்ணையில் ஆடு மேய்க்கக் கட்டப்பட்டவன். மேய்ச்சல் காட்டில் அவனுக்குத் தோழர்களும் விளையாட்டும் உண்டு. பண்ணைக்காரர் மகன் செல்வனும் அங்கே அவனோடு சேர்ந்து திரிகிறான். இருவரும் வளர வளர, ஒருவன் எசமானன், மற்றவன் ஆள் என்பது விளையாட்டுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. பிப் வளர்ந்து மேலே போகிறான். கூளையன் வளர்ந்தால் அதே பண்ணையில் பெரிய ஆளாக மட்டுமே ஆக முடியும். செல்வனின் இடத்தில் பிறந்த பிள்ளைகள் இதைப் படிப்பது, கூளையனின் இடத்தில் பிறந்தவர்கள் படிப்பதைவிட அவசியம் என்பது என் எண்ணம். தான் தோழனாக இருந்தோம் என்று மகிழ்ச்சியோடு நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் மற்றவன் எப்படி இருந்தான் என்பதை வேறு யார் அவர்களுக்குச் சொல்வார்கள்?

அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977) இன்னொரு வகை. செகந்திராபாத்தில் ரயில்வே குடியிருப்பில் வாழும் தமிழ்ப் பையன் சந்திரசேகரனுக்குக் கிரிக்கெட்டும் கல்லூரியும்தான் உலகம். வெளியே இந்தியா விடுதலை அடைகிறது, ஹைதராபாத் மன்னரான நிஜாம் தனியாட்சி கேட்கிறார், அவருக்கு ஆதரவான ஆயுதக் குழுவினரான ரஜாக்கர்கள் நடமாடுகிறார்கள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைகிறது. அரசியல் தன் காரியம் அல்ல என்று எண்ணியிருந்தவன், கடைசியில் கலவரத்தின் நடுவே ஓடும்போது தற்செயலாக ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் போய் விழுகிறான். அந்தக் குடும்பம் அவனைக் கண்டு நடுங்குகிறது. வீட்டாரை விட்டுவிடச் சொல்லித் தன்னையே கொடுக்க முன்வருகிறாள் அந்த வீட்டுப் பெண் ஒருத்தி. அவன் அங்கிருந்து ஓடுகிறான். ஒருவரையும் அடிக்காத, யாருக்கும் தீங்கு நினைக்காத தான், இன்னொருவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறோம் என்பதை அறியும் அந்த ஒரு கணத்தோடு அவனுடைய பிள்ளைப் பருவம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அசோகமித்திரன் ஒரு விளக்கமும் சொல்வதில்லை. இளைஞர்களுக்கு ஒரே ஒரு தமிழ் நாவலைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்கிறேன், பதினேழு வயதுக்கு மேல் என்ற குறிப்போடு.

பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்துமா? இந்த நாவல்கள் பெரும்பாலும் பையன்களைப் பற்றியே இருக்கின்றனவே.

இருக்கின்றன, அதற்குக் காரணமும் உண்டு. ஊர் சுற்றி, தவறு செய்து, திரும்பி வந்து வளர்வதற்குப் பையனுக்கு இருந்த அனுமதி பெண்ணுக்கு இருந்ததில்லை. நம் ஊரில் பையன் வளர்ந்தால் சைக்கிள் கிடைக்கும். பெண் வளர்ந்தால் சன்னல் சாத்தப்படும் என்ற நிலை பல வீடுகளில் நெடுங்காலம் இருந்தது. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) சாத்தப்பட்ட அந்த வீட்டுக்குள்ளிருந்து எழுதப்பட்டது. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் பிறந்த அவரே, பருவமடைந்த பின் பள்ளி நிறுத்தப்பட்டு, படிப்பதை மட்டும் நிறுத்தாமல் இருந்தவர்.

சார்லட் பிராண்டே 1847இல் கர்ரர் பெல் என்ற புனைபெயரில் வெளியிட்ட 'ஜேன் ஏர்' நாவலின் முதல் அத்தியாயத்தைப் பெண் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிப்பது என் வழக்கம். பத்து வயது அநாதை ஜேன், மாமி வீட்டில், சன்னல் திண்டில் காலை மடக்கி உட்கார்ந்து, சிவப்புத் திரையை இழுத்து மூடிக்கொண்டு, பறவைகளைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாமியின் மகன் ஜான் ரீடுக்கு வயது பதினான்கு. அவளைத் தேடிப் பிடிக்கிறான். எங்கள் புத்தகத்தைத் தொட உனக்கு உரிமை இல்லை, நீ எங்கள் தயவில் வாழ்பவள் என்கிறான். அவளைக் கதவருகே நிற்கச் சொல்லிவிட்டு அதே புத்தகத்தை அவள்மீது வீசுகிறான். அவள் விழுந்து, தலை கதவில் மோதி, இரத்தம் வருகிறது.

அதுவரை அவள் அடியை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தவள். இப்போது, நீ கொலைகாரனைப் போன்றவன், அடிமைகளை ஓட்டுபவனைப் போன்றவன், ரோமாபுரிச் சக்கரவர்த்திகளைப் போன்றவன் என்று கத்திவிடுகிறாள். கத்திய பிறகு நமக்கு ஒரு செய்தி சொல்கிறாள்: கோல்ட்ஸ்மித் எழுதிய ரோம வரலாற்றைத் தான் படித்திருந்ததாகவும், நீரோ, காலிகுலா ஆகியோரைப் பற்றி மனத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்து, ஜானை அவர்களோடு வாய் திறவாமல் ஒப்பிட்டு வந்ததாகவும், அதை உரக்கச் சொல்வோம் என்று எண்ணியதே இல்லை என்றும் சொல்கிறாள்.

வாசிப்பு ஒரு பிள்ளைக்கு என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. தன் வீட்டுக் கொடுமை தன் வீட்டில் மட்டும் உள்ளதல்ல, அதற்குப் பெயர் உண்டு, வரலாறு உண்டு என்று அவளுக்குப் புத்தகம் சொல்லியிருக்கிறது. தன் விதி என்று எண்ணியிருந்ததை ஒருவன் செய்யும் அநியாயமாகப் பார்க்க அது கற்றுக்கொடுத்திருக்கிறது. அதற்கு அவள் கொடுத்த விலையையும் பிராண்டே மறைக்கவில்லை; அடித்தவனை விட்டுவிட்டு, பேசியவளைச் சிவப்பு அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள். புத்தகம் படித்த பெண் வாயாடி ஆகிவிடுவாள் என்று அஞ்சும் பெரியவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அவர்கள் அஞ்சுவது பொய்யல்ல. கதவருகே நிற்கச் சொன்னது யார் என்பதை மட்டும் அவர்களிடம் கேட்பேன்.

எந்த வயதில் கொடுக்கலாம்?

கதைத் தலைவரின் வயதோடு ஓரிரு ஆண்டுகளைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்பது கைவசம் உள்ள எளிய கணக்கு. அதற்கு விலக்குகள் ஏராளம். வங்க எழுத்தாளர் விபூதிபூஷணின் 'பதேர் பாஞ்சாலி' (1929) சிறுவன் அப்புவின் கதைதான் என்றாலும், அக்காள் துர்கா இறந்த பிறகு, அவள் திருடி ஒளித்து வைத்திருந்த பொருளை அவன் கண்டெடுத்து யாரும் அறியாமல் எறிந்துவிடும் இடம், பதினைந்துக்கு மேற்பட்டவருக்குத்தான் முழுமையாகப் புரியும் என்று நினைக்கிறேன். வன்முறையும் பாலியலும் வரும் நூலாக இருந்தால் கொடுப்பவர் முதலில் படித்திருக்க வேண்டும். படிக்காமல் தடுப்பதும் படிக்காமல் கொடுப்பதும் ஒரே தவறுதான்.

இத்தகைய நாவல்களால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா?

இந்தக் கேள்விக்கு வயது ஏறத்தாழ 250 ஆண்டுகள். கெதே 1774இல் வெளியிட்ட இளம் வெர்தர் கதையில், காதல் கைகூடாத இளைஞன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். ஐரோப்பிய இளைஞர்கள் அவனைப் போல நீல மேலங்கியும் மஞ்சள் உள்ளங்கியும் அணியத் தொடங்கினர். அவனுடைய முடிவையும் பின்பற்றுகிறார்களோ என்ற அச்சம் பரவி, லைப்சிக் நகரம் 1775இல் அந்த நூலைத் தடை செய்தது. அதே ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில், ஆண்மையோடு இரு, என்னைப் பின்பற்றாதே என்று வெர்தரே வாசகனிடம் சொல்வதாக ஒரு செய்யுளைக் கெதே சேர்க்க வேண்டியதாயிற்று. தற்கொலைச் செய்தி பரவுவதால் பிறரும் தூண்டப்படுவதை ஆய்வாளர்கள் இன்றும் வெர்தர் பெயரால்தான் குறிக்கிறார்கள்.

எனவே, கதைக்கு ஆற்றல் உண்டு, ஆனால் நல்லதை மட்டுமே செய்யும் என்று வாதிடுவது நேர்மையாகாது. துயரத்தில் ஆழ்ந்து, உண்ணாமல், உறங்காமல் இருக்கும் பிள்ளையின் கையில் ஒரு சோக நாவலைக் கொடுத்துவிட்டு அது மருந்தாகும் என்று காத்திருக்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு உடனிருக்கும் மனிதரும், தேவைப்பட்டால் மருத்துவரும் வேண்டும். மற்றபடி, நாவல் படித்துக் கெட்டவர்களைவிட, தம்மைப் போல இன்னொருவர் இருக்கிறார் என்பதே தெரியாமல் தனியாகப் புழுங்கியவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

சுருக்கப் பதிப்போ திரைப்படமோ போதாதா?

கதை தெரிந்துகொள்ளப் போதும். மேலே சொன்னது போல, சுருக்கும்போது முதலில் போவது ஜோவின் தொப்பிதான்; ஏனென்றால் அந்தத் தொப்பியால் கதை ஓர் அங்குலமும் நகர்வதில்லை. படத்தில் தொப்பி இருக்கலாம், ஆனால் அதைத் திரும்பிப் பார்த்து வெட்கப்படும் மூத்த பிப்பின் குரலைக் காட்டுவது கடினம். படம் பார்த்துவிட்டு நூலுக்கு வருபவர்களை வரவேற்கிறேன்.

நீட், பொதுத்தேர்வு என்று ஓடும் பிள்ளைக்கு நேரம் எங்கே?

இல்லை என்பது உண்மை. பன்னிரண்டாம் வகுப்பில் டிக்கன்ஸை நீட்டுவது கொடுமை. தேர்வு முடிந்து முடிவு வரும் வரையிலான வாரங்களை விட்டுவிடாதீர்கள். ஊரில் கிளை நூலகம் இருக்கும். மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. 'என்ன ஆகுமோ' என்று தவித்துக்கொண்டிருக்கும் அந்த வாரங்களில் இத்தகைய நாவல் இறங்குவது போல வேறெப்போதும் இறங்காது.

பாதியில் விட்டுவிட்டால் வற்புறுத்தலாமா?

வேண்டாம். நூலை அலமாரியில் கண்ணில் படும்படி வையுங்கள்.

படித்து முடித்த பிள்ளையிடம் என்ன கேட்கலாம்?

'இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?' என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி எழுந்த உடனே பிள்ளை தேர்வு எழுதும் மனநிலைக்குப் போய், 'பெற்றோரை மதிக்க வேண்டும்' என்று ஐந்து மதிப்பெண் விடையைச் சொல்லிவிடும். அதற்குப் பிறகு பேச ஒன்றும் இருக்காது. எந்த இடத்தில் எரிச்சல் வந்தது, யாரைப் பிடிக்கவில்லை, எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்தாய் என்று கேளுங்கள். கேட்ட பிறகு காத்திருங்கள். ஜோ இப்படி வந்து பிப்பின் மானத்தை வாங்கியிருக்கக் கூடாது என்று ஒரு மாணவன் என்னிடம் சொன்னான். நான் மறுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவனே வந்து, 'சார், அவரு வந்தது வேற காரியமா' என்றான்.

முடிவைப் பற்றியும் பேசலாம். டிக்கன்ஸ் முதலில் பிப்பும் எஸ்டெல்லாவும் பிரிந்து போவதாக எழுதினார். புல்வர் லிட்டன் என்ற எழுத்தாள நண்பரின் யோசனையைக் கேட்டு, இருவரும் சேரக்கூடும் என்று தோன்றும்படி மாற்றினார். இரண்டில் எது நியாயம் என்று கேட்டால் இளைஞர்கள் மணிக்கணக்கில் வாதிடுவார்கள். அந்த வாதத்தில் அவர்கள் தம்மைப் பற்றிச் சொல்லிவிடுவதுதான் அதிகம்.

பெரியவர்கள் இந்த நாவல்களைப் படிப்பதில் பயன் உண்டா, அல்லது வயது கடந்துவிட்டதா?

நூல் அப்படியே இருக்கும். நாம் உட்காரும் நாற்காலி மாறியிருக்கும். அந்த மாணவன் சொன்ன 'வேற காரியம்' பத்தொன்பது வயதில் எனக்குத் தெரியவே இல்லை. எஸ்டெல்லா ஊர் திரும்பிவிட்டாள், உன்னைப் பார்த்தால் மகிழ்வாள் என்ற செய்தியைச் சொல்லத்தான் ஜோ லண்டன் வரை வந்திருக்கிறார். அதைச் சொன்னதும் எழுந்துவிடுகிறார். இரவு உணவுக்கு வருவீர்கள்தானே என்று பிப் கேட்க, இல்லை என்று சொல்லிப் போய்விடுகிறார். காலை உணவின்போதும் அவர் தின்றதைவிடக் கீழே சிந்தியதே அதிகம். சிந்தவில்லை என்பது போலவும் இருந்துகொண்டார் என்று டிக்கன்ஸ் எழுதியிருக்கிறார். சென்ற ஆண்டு, மகளின் விடுதி வாசலில் நின்று அவளுக்காகக் காத்திருந்தபோதுதான் இந்த வரி நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரிலிருந்து என் கல்லூரிக்கு அன்று இரண்டு பேருந்து மாற வேண்டும். அப்பா விடியற்காலையில் கிளம்பியிருப்பார். டீக்கடையில் அவர் ஒரு டீ மட்டும்தான் குடித்தார். சாப்பிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை.